தண்ணீருக்கு முயல் காது இருக்கிறதா?

"நீர் மூலக்கூறின் வடிவம் யாது? காரணம் கூறு." பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுத்த யாரையும் நடு ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். ஆக்சிஜன் எஸ்பி3 இனக்கலப்பு அடைகிறது. நான்கு ஆர்பிட்டால்கள் நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன. இரண்டில் ஹைட்ரஜன், மற்ற இரண்டில் தனித்த எலக்ட்ரான் இரட்டைகள். அந்த இரட்டைகள் பிணைப்புகளை நெருக்கித் தள்ளுவதால் 109.5 பாகை சுருங்கி 104.5 பாகை ஆகிறது. வடிவம் வளைந்தது. முழு மார்க்.

இந்தப் பதிலில் "104.5 பாகை", "வளைந்தது" இரண்டும்தான் அளந்து கண்ட உண்மை. மற்றதெல்லாம் கதை. நல்ல கதை, உபயோகமான கதை, ஆனாலும் கதை. ஆங்கிலத்தில் மாடல் என்பார்கள், பாடப்புத்தகத் தமிழில் மாதிரி. கதை சொல்வது குற்றமில்லை. கதையைக் கண்ணால் பார்த்த செய்தி மாதிரி சொல்லிக் கொடுத்துவிட்டு, வேறு கதை எழுதிய பையனின் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிக்கிறார்களே, சண்டை அதைப் பற்றித்தான்.

அளந்தது எது, வரைந்தது எது?

ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே உள்ள தூரம் 0.958 ஆங்ஸ்ட்ராம். கோணம் 104.5 பாகை. இருமுனைத் திருப்புத்திறன் 1.85 டிபை. இவை ஆய்வுக்கூடத்தில் அளந்து வந்தவை. எந்தக் கொள்கையை நம்புகிறவர் அளந்தாலும் இதேதான் வரும். மூலக்கூறு நேர்கோடாக இருந்தால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு திருப்புத்திறன் பூஜ்யம் ஆகியிருக்கும். ஆகவில்லை, எனவே வளைந்திருக்கிறது. இதைச் சொல்ல ஒரு ஆர்பிட்டால்கூட வேண்டாம்.

எஸ்பி3 அந்த ஜாதி இல்லை. எந்தக் கருவியின் முள்ளும் "எஸ்பி3" என்று காட்டியது கிடையாது. ஆக்சிஜனின் எஸ், பி ஆர்பிட்டால்கள் கணித வடிவங்கள். அவற்றைக் காகிதத்தில் கூட்டிக் கழித்தால் புதிதாக நான்கு கணித வடிவங்கள் கிடைக்கும். அவ்வளவுதான் இனக்கலப்பு. "ஆக்சிஜன் இனக்கலப்பு அடைகிறது" என்று படித்தால், பெண் பூப்பெய்துவது மாதிரி ஆக்சிஜனுக்குள் ஏதோ ஒரு சம்பவம் நடப்பதாகத் தோன்றும். கலப்பது ஆக்சிஜன் இல்லை சாமி, கணக்குப் போடுகிறவர்.

எஸ்பி3 தன் கணக்கிலேயே ஃபெயில்

இனக்கலப்புக் கொள்கைக்குள் ஒரு சின்னக் கணக்கு உண்டு. கால்குலேட்டர் இருந்தால் போதும். ஒரே மாதிரியான இரண்டு இனக்கலப்பு ஆர்பிட்டால்கள் பிணைப்பின் திசையிலேயே நிற்கின்றன என்று வைத்துக்கொண்டால், அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தின் கொசைன் = மைனஸ் (எஸ் பங்கு ÷ பி பங்கு).

எஸ்பி என்றால் மைனஸ் 1, கோணம் 180. எஸ்பி2 என்றால் மைனஸ் 1/2, கோணம் 120. எஸ்பி3 என்றால் மைனஸ் 1/3, கோணம் 109.5. எல்லாம் புத்தகத்தில் உள்ள கோணங்கள்தான்.

இப்போது தண்ணீருக்குப் போடலாம். 104.5 பாகையின் கொசைன் மைனஸ் 0.25, அதாவது மைனஸ் 1/4. அப்படியென்றால் ஆக்சிஜன் ஹைட்ரஜனை நோக்கி நீட்டும் ஆர்பிட்டால் எஸ்பி3 இல்லை, எஸ்பி4! எஸ் பங்கு 25 சதவீதம் இல்லை, 20 சதவீதம். "எஸ்பி3 இனக்கலப்பு, ஆனால் கோணம் 104.5" என்று ஒரே வாக்கியத்தில் எழுதுவது, "மொத்தம் நூறு ரூபாய், ஆனால் கூட்டினால் எண்பது" என்று எழுதுவதற்குச் சமம். "எஸ்பி4" என்று எழுதிய மாணவனுக்கு மார்க் உண்டா? ஒரு மதிப்பெண் கேள்வியில் அந்த ஆப்ஷனே இருக்காது.

கணக்கை முடிக்கலாம். ஆக்சிஜனிடம் இருப்பது ஒரே ஒரு எஸ், அதாவது 100 சதவீதம். இரண்டு பிணைப்புக்கும் சேர்த்து 40 போய்விட்டது. மீதி 60 சதவீதம் இரண்டு தனித்த இரட்டைகளின் கணக்கில் வர வேண்டும். எப்படிப் பங்கு போடுவது? ஆளுக்கு 30 கொடுக்கலாம். அப்போது இரண்டும் ஒரே மாதிரி, இடையே சுமார் 115 பாகை விரிந்து, மேலும் கீழுமாக நிற்கும். இதற்குத்தான் வேதியியல்காரர்கள் வைத்த செல்லப் பெயர் "முயல் காது". இல்லையென்றால் 60-ஐயும் ஒன்றுக்கே கொடுத்துவிட்டு இன்னொன்றை வெறும் பி-யாக நிறுத்தலாம். அப்போது ஒன்று மூலக்கூறின் தளத்துக்குள்ளேயே ஹைட்ரஜன்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கும், மற்றது தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும். காதும் கிடையாது, முயலும் கிடையாது.

பிணைப்பின் கோணத்தைப் பொறுத்தவரை இரண்டு பங்கீடும் செல்லும். அப்படியானால் எது "உண்மை"?

விளக்கைப் போட்டுப் பார்த்தபோது

1960-களில் இங்கிலாந்தில் டேவிட் டர்னர் போன்றவர்கள் ஒளி எலக்ட்ரான் நிறமாலையியல் என்ற முறையை வளர்த்தெடுத்தார்கள். ஹீலியம் விளக்கின் புற ஊதா ஒளியை ஒரு வாயுவின் மேல் அடிப்பது. ஒளித்துகள் ஒவ்வொன்றுக்கும் 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். அடி வாங்கிய எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றலோடு வெளியே ஓடுகிறது என்று அளந்து, 21.2-இலிருந்து கழித்தால், உள்ளே அது எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது என்று தெரிந்துவிடும்.

நீராவியில் இதைச் செய்தால் 12.6, சுமார் 14.7, சுமார் 18.5 என்று மூன்று இடங்களில் மேடு வருகிறது. நான்காவதாக ஒன்று சுமார் 32-இல் இருக்கிறது, அதற்கு இன்னும் வலுவான ஒளி வேண்டும். இரண்டு முயல் காதும் ஒரே மாதிரி என்றால் அவற்றுக்கு ஒரே மேடுதானே வர வேண்டும்? 12.6, 14.7 என்று இரண்டு ஏன்? மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையிடம் பதில் தயாராக இருந்தது. 12.6 என்பது தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் அந்தத் தனி பி. 14.7 என்பது தளத்துக்குள் இருக்கும் மற்றது. கச்சிதமான பொருத்தம்.

இதை வைத்துக்கொண்டு 1987-இல் மைக்கேல் லெயிங், தண்ணீருக்கு முயல் காது கிடையாது என்று வேதியியல் ஆசிரியர்களுக்கான ஒரு சஞ்சிகையில் எழுதினார். 2014-இல் ஃபிராங்க் வைன்ஹோல்ட் உள்ளிட்ட குழு இன்னும் ஒரு படி மேலே போய், முயல் காதையும் எலக்ட்ரான் இரட்டைகள் இடித்துத் தள்ளும் கதையையும் பாடத்திலிருந்தே தூக்க வேண்டும் என்றது.

"பார்த்தீர்களா, பாடப்புத்தகம் பொய்!" என்று குதிக்கத் தோன்றும். பொறுங்கள். 2015-இல் ஹிபெர்ட்டி, டானோவிச், ஷாய்க் மூவரும் பதில் எழுதினார்கள். ஒரே மாதிரியான இரண்டு காதில் எந்தக் காதிலிருந்து எலக்ட்ரான் போனது என்று சொல்ல வழியில்லை. "இடதில் போனது", "வலதில் போனது" என்ற இரண்டு சாத்தியங்களையும் குவாண்டம் கணக்கில் சேர்த்தே எழுத வேண்டும். கூட்டி எழுதினால் ஒரு அயனி நிலை, கழித்து எழுதினால் இன்னொரு அயனி நிலை. இரண்டுக்கும் ஆற்றல் வேறு. ஆக, முயல் காதை வைத்தே இரண்டு மேடு வந்துவிடுகிறது!

மீத்தேனிலும் இதே கூத்து உண்டு. நான்கு பிணைப்பும் அச்சு அசல் ஒன்றுதான். ஆனாலும் இணைதிறன் எலக்ட்ரான்களுக்குச் சுமார் 14, சுமார் 23 என்று இரண்டு மேடுகள். அதற்காக மீத்தேனில் இரண்டு வகை ஹைட்ரஜன் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. மூலக்கூறு ஆர்பிட்டால் கணக்கிலேயே, நிரம்பிய ஆர்பிட்டால்களைத் தங்களுக்குள் எப்படிக் கூட்டிக் கழித்து மாற்றி எழுதினாலும் மொத்த எலக்ட்ரான் அடர்த்தி துளியும் மாறாது. செங்குத்து பி-யையும் தளத்து இரட்டையையும் கூட்டினால் ஒரு காது, கழித்தால் மறு காது. காதுகள் இரண்டையும் கூட்டிக் கழித்தால் பழையபடி பி-யும் தளத்து இரட்டையும். தண்ணீருக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை. அது இருந்தபடியே இருக்கிறது.

எனவே "முயல் காது இருக்கிறது" என்று அடித்துச் சொல்கிறவரும் சரியில்லை, "முயல் காது இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது" என்று சொல்கிறவரும் சரியில்லை. இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். வரைபடத்தை ஊர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தேய்மானம் தெரிந்தவனுக்கு இது புரியும்

காமர்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு லட்ச ரூபாய்க்கு மெஷின் வாங்குகிறார்கள். நேர்கோட்டு முறையில் 10 சதவீதம் என்றால் வருடா வருடம் பத்தாயிரம் தேய்மானம், மூன்று வருடம் கழித்து புத்தகத்தில் 70,000. குறைந்து செல் மதிப்பு முறையில் அதே 10 சதவீதம் என்றால் 10,000, 9,000, 8,100 என்று கழித்து 72,900. ஷெட்டில் நிற்கும் மெஷின் ஒன்றுதான். அதன் "உண்மையான" தேய்மானம் எது என்று எந்த ஆடிட்டரும் மெஷினைக் கழற்றிப் பார்ப்பதில்லை. எந்த முறையைப் பின்பற்றினோம் என்று கணக்குகளுக்கான குறிப்பில் எழுதச் சொல்கிறார்கள். அடுத்த வருடம் முறையை மாற்றினால், மாற்றியதையும் அதனால் கணக்கில் வந்த வித்தியாசத்தையும் சொல்லச் சொல்கிறார்கள். லாபத்துக்கு ஒரு முறை, வரிக்கு ஒரு முறை என்று சொல்லாமல் கொள்ளாமல் மாற்றினால் அதற்குப் பெயர் வேறு.

வேதியியல் வகுப்பில் நடப்பது அந்த வேறுதான். தண்ணீரை முடித்த கையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது. கந்தகம் ஆக்சிஜனுக்கு நேர் கீழே, அதே குடும்பம். அதே இரண்டு ஹைட்ரஜன், அதே இரண்டு தனித்த இரட்டை. கோணம் 92.1 பாகை! எஸ்பி3 என்று ஆரம்பித்து, "இரட்டைகள் தள்ளுகின்றன" என்று சொல்லி 109.5-ஐ 92 வரைக்கும் தள்ள முடியுமா? முடியாது. உடனே கோச்சிங் நோட்ஸ் கதையை மாற்றுகிறது: "இங்கே இனக்கலப்பு இல்லை, சுத்த பி ஆர்பிட்டால்." நேற்று வரை இருந்த முறை இன்று காலி, குறிப்பு கிடையாது. மேலே சொன்ன கொசைன் கணக்கைப் போட்டால் கந்தகத்தின் பிணைப்பில் எஸ் பங்கு சுமார் மூன்றரை சதவீதம். தண்ணீரில் 20, இதில் மூன்றரை. ஒரே அளவுகோலில் இரண்டு எண்கள். "உண்டு", "இல்லை" என்று இரண்டு பெட்டிகளில் போட்டு அடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு வேடிக்கை. கார்பனுக்கு எஸ்பி3 கலவையை 1931-இல் முன்வைத்தவர்கள் லைனஸ் பாலிங்கும் ஜான் ஸ்லேட்டரும். அதே காலத்தில் அவர்கள் தண்ணீரை எப்படி விளக்கினார்கள்? பி ஆர்பிட்டால்களைக் கொண்டு! இரண்டு பி-க்களுக்கு இடையே 90 பாகை, அதிலிருந்து கோணம் கொஞ்சம் விரிகிறது என்று. அதாவது 90-இலிருந்து மேலே ஏறி வந்தார்கள். இன்றைய மாணவன் 109.5-இலிருந்து கீழே இறங்கி வருகிறான். இருவரும் 104.5-இல் சந்தித்துக் கை குலுக்கலாம். பாலிங் இன்று நம்மூர் பரீட்சை எழுதினால், 1931-இல் எழுதியதையே எழுதி ஃபெயில் ஆகியிருப்பார் :-)

மாதிரிக்கு மார்க் போடுகிறவர்கள்

ஒற்றை மூலக்கூறை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் தண்ணீரை "ஊற்றுகிறவர்களை" பார்க்கலாம். 1933-இல் பெர்னலும் ஃபவுலரும் ஆரம்பித்து வைத்த வழி இது. மூலக்கூறின் மேல் சில புள்ளிகளில் மின்னூட்டம் வைத்து, ஆயிரக்கணக்கில் ஒன்றாக விட்டு, திரவம் மாதிரி நடந்துகொள்கிறதா என்று பார்ப்பது.

இதில் 1987-இல் வந்த எஸ்பிசி/ஈ என்ற மாதிரி மிகப் பிரபலம். அதில் பிணைப்பின் நீளம் 1 ஆங்ஸ்ட்ராம், கோணம் 109.47 பாகை. இரண்டுமே "தப்பு"! பிளஸ் ஒன் பரீட்சையில் பூஜ்யம். ஆனாலும் திரவ நீரின் பல குணங்களை அது நன்றாகவே கொண்டு வருகிறது. 1983-இன் டிப்3பி மாதிரியில் பனிக்கட்டி சுமார் மைனஸ் 127 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதே டிப்3பி-தான் புரதங்களைப் பற்றிய கணக்கீடுகளில் காலங்காலமாக உழைக்கிறது. உருகுநிலை கேட்காத இடத்தில் அது பிழைத்துக்கொள்கிறது.

முயல் காதுக்கும் இங்கே ஒரு பிரதிநிதி உண்டு. 2000-இல் வந்த டிப்5பி, இரண்டு தனித்த இரட்டைகள் இருக்கும் இடத்தில் இரண்டு எதிர் மின்னூட்டங்களை நிஜமாகவே வைத்தது. 4 டிகிரி அருகே தண்ணீர் அதிக அடர்த்தி அடைவதை அழகாகக் காட்டியது. 2005-இல் வந்த டிப்4பி/2005-க்குக் காதே கிடையாது, எதிர் மின்னூட்டம் ஒரே புள்ளியில். 2011-இல் கார்லோஸ் வேகாவும் ஹொசே அபாஸ்காலும் இப்படிப்பட்ட மாதிரிகளை வரிசையில் நிறுத்தி, உருகுநிலை, அடர்த்தி, பிசுபிசுப்பு என்று தலைப்பு தலைப்பாகப் பரீட்சை வைத்து மார்க் போட்டார்கள். காது இல்லாத டிப்4பி/2005 முதல் இடம். காது வைத்த டிப்5பி நன்றாகப் பின்தங்கியது. அதற்காக "எனவே தண்ணீருக்குக் காது இல்லை" என்று அவர்கள் எழுதவில்லை. எந்த மாதிரி எந்தக் கேள்விக்கு உதவும், எங்கே காலை வாரும் என்று எழுதினார்கள்.

அங்கே மாதிரிகளுக்குப் பரீட்சை வைக்கிறார்கள். இங்கே மாதிரியை வைத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறார்கள். வித்தியாசம் இவ்வளவுதான்.

யாருக்கு நஷ்டம்?

"ஏம்ப்பா, தண்ணீரில் எஸ்பி3 இருந்தால் என்ன, எஸ்பி4 இருந்தால் என்ன? குடித்தால் தாகம் தீர்கிறதே" என்று கேட்கலாம். நஷ்டம் இரண்டு பேருக்கு.

முதல் ஆள், கேள்வி கேட்கிற பிள்ளை. "சார், தண்ணிக்கு இரட்டை தள்ளுதுன்னா ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு மட்டும் ஏன் இவ்ளோ தள்ளுது?" என்று எழுந்து கேட்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் பதில், "அது போர்ஷன்ல இல்ல, உட்காரு." உண்மையில் அவள் அந்த வகுப்பிலேயே சரியான வேதியியல் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். பாலிங்கும் மல்லிகனும் மோதிக்கொண்ட பாதையில் அவளாகவே ஒரு அடி வைத்திருக்கிறாள். பாலிங்குக்கு 1954-இல் நோபல், மல்லிகனுக்கு 1966-இல் நோபல், இவளுக்கு "உட்காரு". இரண்டு தடவை உட்கார்ந்தவள் மூன்றாவது தடவை எழுந்திருக்க மாட்டாள். கெமிஸ்ட்ரி என்றால் மனப்பாடம் என்று முடிவு கட்டிவிட்டு வேறு குரூப் தேடிப் போவாள்.

இரண்டாவது ஆள், பர்ஸைத் திறக்கிற பெற்றோர். "அறுகோணத் தண்ணீர்", "கட்டமைக்கப்பட்ட தண்ணீர்" என்று பாட்டிலும் மெஷினும் விற்கிறார்கள். நோட்டீஸில் ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் கை கோத்து வட்டமாக நிற்கும் படம். பக்கத்தில் நோய்களின் பட்டியல். திரவ நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு சுமார் ஒரு பிக்கோசெகண்ட் அளவில், அதாவது ஒரு செகண்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில், அறுந்து மாறிவிடும். பாட்டிலில் அடைத்து, லாரியில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டு வரும் வரை அந்த வட்டம் கலையாமல் நிற்கும் என்பதைக் காட்டிலும் சுந்தர காண்டம் படித்த தண்ணீர் என்று விற்றால்கூட நாணயம். ஆனால் வாங்குகிறவரைக் குறை சொல்ல முடியாது. புத்தகத்தில் போட்ட படம் என்றால் அது அப்படியே உள்ளே இருப்பதுதான் என்று பத்து வருடம் பழக்கியது பள்ளிக்கூடம். விற்கிறவர் புதிதாக ஏமாற்றவில்லை, பழக்கத்தை அறுவடை செய்கிறார்.

"பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்"

எதிர்த்தரப்பின் வாதம் இதுதான். பதினாறு வயதில் இதெல்லாம் தேவையா, எளிமையாகத்தானே ஆரம்பிக்க வேண்டும்? நியாயமான கவலை. எஸ்பி3-ஐ எடுத்துவிடச் சொல்லி இங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை. பனிக்கட்டியில் ஒவ்வொரு ஆக்சிஜனையும் சுற்றி நான்கு அண்டை வீட்டுக்காரர்கள் நான்முகியாக நிற்பதை மனதில் வைத்துக்கொள்ள முயல் காதை விட வசதியான படம் கிடையாது. தாராளமாகச் சொல்லிக் கொடுக்கட்டும்.

எளிமை வேறு, மறைத்தல் வேறு. இந்தியா படத்தைத் தட்டைக் காகிதத்தில் வரைந்து காட்டும் புவியியல் ஆசிரியர், பூமி உருண்டை என்பதை மறைப்பதில்லை. எந்தக் குழந்தையும் அதில் குழம்பி விழுந்ததாகத் தெரியவில்லை. குழப்பம் வருவது சொன்னதால் இல்லை. சொல்லாமல் விட்டுவிட்டு, அடுத்த பாடத்தில் கதையை மாற்றுவதால்தான்.

கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. பாடத்தின் அடியில் நான்கு வரி: "இது ஒரு மாதிரி. கோணத்தை நினைவில் வைக்க உதவும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அப்படியே பொருந்தாது. இதே மூலக்கூறை வேறு விதமாகவும் எழுதலாம்." விடைத்தாள் திருத்துகிறவருக்கு ஒரு வரி: "பி ஆர்பிட்டால்களிலிருந்து ஆரம்பித்துச் சரியாக விளக்கியிருந்தாலும் மார்க் கொடுக்கவும்." கேள்வித்தாளில் ஒரு திருத்தம்: "ஆக்சிஜனின் இனக்கலப்பு என்ன?" என்பதற்குப் பதில், "எஸ்பி3 மாதிரி தண்ணீரில் எதை விளக்குகிறது, எதை விளக்கத் தவறுகிறது?" ஐந்து மதிப்பெண்.

பெட்டிக்கடைக் கணக்குக்கே முறை என்ன என்று கேட்கிற நாட்டில், உலகத்தில் எல்லோரும் குடிக்கிற ஒரு மூலக்கூறின் கணக்குக்கு அந்தக் குறிப்பைக் கேட்பது அதிகமில்லை.